12 பேர் வேலை செய்யும் கலிபோர்னியா நிறுவனம்: அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகும் ஊழியருக்குப் பணம் தருவது யார், வேலையைக் காப்பது யார்?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பதில் எதற்கு என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும். ஃப்ரீமாண்டில் 12 பேர் வேலை செய்யும் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறீர்கள். இரண்டு ஆண்டுகளாக உங்களிடம் டெஸ்டிங் பார்த்துவரும் ஒரு பெண், எச்-1பி என்ற, வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை விசாவில் இருப்பவர், கோயம்புத்தூரில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று எட்டு வாரம் விடுப்பு கேட்டிருக்கிறார். கலிபோர்னியாவில் இதற்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்கிறார். எட்டு வாரச் சம்பளத்தைச் சும்மா கொடுக்க உங்கள் நிறுவனத்தால் முடியாது. 50 பேருக்குக் குறைவாக இருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியே கொடுத்தாலும் முதலில் அவருடைய விடுமுறை நாட்களைக் கழிக்கச் சொல்லலாமா, அம்மா இந்தியாவில் இருப்பதால் இது செல்லுமா, விசாவில் ஏதாவது வில்லங்கம் வருமா என்றும் கேட்கிறீர்கள்.

கேள்விகள் நிறைய இருந்தாலும் அடியில் இருப்பவை இரண்டு: பணம் யாருடையது, வேலையைக் காத்துத் தர வேண்டியது யார். இந்த இரண்டுக்கும் இரண்டு தனிச் சட்டங்கள், இரண்டு தனி அரசு அலுவலகங்கள். உங்கள் நண்பர் சொன்ன 50 பேர் கணக்கு மூன்றாவதாக இருக்கும் ஒரு மத்தியச் சட்டத்துடையது. மூன்றையும் ஒரே பெயரில் ‘ஃபேமிலி லீவ்’ என்று எல்லோரும் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம். நான் வழக்கறிஞர் இல்லை. பே ஏரியாவில் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியலும் பணியாளர் நிர்வாகமும் பார்த்துக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். அந்த அளவில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியது அதுதான். அந்த எட்டு வாரத்துக்கு நீங்கள் ஒரு டாலர்கூடச் சம்பளம் தர வேண்டியதில்லை. தருவது மாநில அரசின் வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை, நாமெல்லாம் இடிடி என்று சொல்வது. அந்தப் பணமும் அரசு கஜானாவிலிருந்து இரக்கப்பட்டுக் கொடுப்பது கிடையாது. உங்கள் ஊழியர்களின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், எஸ்டிஐ என்று ஒரு பிடித்தம் இருக்கும். மாநில உடல்நலக் குறைவுக் காப்பீட்டுக்கான சந்தா அது. 2025-ல் சம்பளத்தில் 1.2 சதவீதம், 2026-ல் 1.3 சதவீதம். முழுவதும் ஊழியர் கையிலிருந்து போவது, முதலாளியின் பங்கு இதில் கிடையாது. 2024 ஜனவரி வரை குறிப்பிட்ட தொகைக்கு மேலான சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். அந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டுவிட்டதால் இப்போது எவ்வளவு சம்பளமானாலும் முழுவதற்கும் பிடித்தம் உண்டு. ஆண்டுக்கு 1,04,000 டாலர் வாங்கும் ஒருவர் 2025-ல் மட்டும் 1,248 டாலர் கட்டியிருப்பார். உங்கள் ஊழியர் இரண்டு வருடமாக மாதாமாதம் கட்டிவந்த காப்பீட்டைத்தான் இப்போது கேட்கிறார். நீங்கள் அதைப் பிடித்து அரசுக்கு அனுப்பிவைத்தவர், அவ்வளவே.

இதன் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் ஏன் இப்படி அமைந்தது என்பது புரியும். அமெரிக்காவில் இந்த மாதிரிக் காப்பீட்டை முதலில் கொண்டுவந்தது ரோட் ஐலண்ட், 1942-ல். கலிபோர்னியா 1946-ல் தொடங்கியது. அப்போது அது தனக்கு உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாதவருக்கு மட்டும். குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்கும், புதிதாகப் பிறந்த குழந்தையோடு இருப்பதற்கும் பணம் தரலாம் என்று 2002-ல் சட்டம் போட்டு, 2004 ஜூலையிலிருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் மாநிலம் கலிபோர்னியாதான். புதிய கஜானா எதையும் உருவாக்காமல், ஏற்கெனவே ஊழியர்கள் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய காப்பீட்டின் மேலேயே இதைக் கட்டினார்கள். அதனால்தான் நிறுவனத்தின் அளவு பற்றிய நிபந்தனை இதில் இல்லை. ஒரே ஒரு ஊழியர் இருக்கும் கடையானாலும் எஸ்டிஐ பிடிக்கப்பட்டால் பணத்துக்கு வழி உண்டு. ஆரம்பத்தில் ஆறு வாரம், 2020 ஜூலையிலிருந்து எட்டு வாரம். சம்பளத்தில் 55 சதவீதம் என்று இருந்தது படிப்படியாக ஏறி, 2025 ஜனவரியிலிருந்து 70 முதல் 90 சதவீதம். குறைந்த சம்பளக்காரருக்கு 90, மற்றவர்களுக்கு 70. இந்த மாற்றம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஹோட்டல் சமையலறையிலும் மளிகைக் கடையிலும் வேலை செய்கிறவர்கள் பல வருடம் சந்தா கட்டியும், பாதிச் சம்பளத்தில் வாடகை கொடுக்க முடியாது என்று இந்த விடுப்பை எடுக்காமலேயே இருந்தார்கள்.

உங்கள் ஊழியருக்கு எவ்வளவு வரும்? விடுப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய 5 முதல் 18 மாதங்களுக்கு முந்தைய நான்கு காலாண்டுகளை எடுத்து, அதில் அதிகம் சம்பாதித்த காலாண்டை வைத்து இடிடி கணக்குப் போடும். அந்தக் காலத்தில் மொத்தம் 300 டாலர் சம்பாதித்திருந்தாலே அடிப்படைத் தகுதி வந்துவிடும். வாரம் 2,000 டாலர் வாங்குகிறவர் என்றால் வாரத்துக்குச் சுமார் 1,400 டாலர், எட்டு வாரத்துக்கு 11,200. வார உச்சவரம்பு 2025-ல் 1,681 டாலர், 2026-ல் 1,765. காத்திருப்பு நாட்கள் கிடையாது, முதல் நாளிலிருந்தே கணக்கு. எட்டு வாரத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு ஐந்து வாரம், மறுபடி ஆறு மாதம் கழித்து மூன்று வாரம் என்று 12 மாத காலத்துக்குள் பிரித்துக்கொள்ளலாம். மத்திய வருமான வரி இந்தத் தொகைக்கு உண்டு, கலிபோர்னியா மாநில வரி இல்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், அரசு கொடுத்த தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற வரிப் படிவம் வரும், அதனால் வரிக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இனி வேலை. இங்கேதான் உங்கள் பொறுப்பு வருகிறது. இடிடி பணம் கொடுக்கிறது என்பதால் மட்டும் அவருடைய வேலை பாதுகாக்கப்பட்டுவிடாது. அந்தப் பாதுகாப்பைத் தருவது கலிபோர்னியா குடும்ப உரிமைகள் சட்டம், சிஎஃப்ஆர்ஏ. உங்கள் நண்பர் சொன்னது 1993-ல் வந்த மத்தியச் சட்டமான எஃப்எம்எல்ஏ. 75 மைல் சுற்றளவுக்குள் 50 பேர் இருந்தால்தான் அது பொருந்தும், அதனால் உங்களுக்குப் பொருந்தாது என்று அவர் சொன்னது சரி. ஆனால் கலிபோர்னியாச் சட்டத்தின் எல்லை 2021 ஜனவரியிலிருந்து ஐந்தே பேர். முழுநேரம், பகுதிநேரம் எல்லாமே கணக்கில் சேரும். 75 மைல் நிபந்தனை இதில் இல்லை. நிறுவனத்தில் சேர்ந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். வாரத்துக்குச் சராசரி 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் முழுநேரம் வேலை செய்த உங்கள் ஊழியர் இதைத் தாராளமாகத் தாண்டிவிடுவார்.

எனவே அவருக்கு 12 வாரம் வரை, சம்பளமில்லாத ஆனால் வேலை பாதுகாக்கப்பட்ட விடுப்பு உரிமையாகவே உண்டு. பணம் எட்டு வாரத்துக்கு, வேலைப் பாதுகாப்பு 12 வாரத்துக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ‘இந்தக் காலாண்டு ரிலீஸ் இருக்கிறது, இப்போது வேண்டாம்’ என்று நீங்கள் மறுக்க முடியாது. ‘டெஸ்டிங்குக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்’ என்பதும் எடுபடாது. முன்பு சம்பளத்தில் மேல்நிலையில் இருக்கும் முக்கிய ஊழியருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்க மறுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு கலிபோர்னியாச் சட்டத்தில் இருந்தது. ஐந்து பேர் என்று எல்லையைக் குறைத்த அதே திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது அதே வேலை அல்லது அதற்குச் சமமான வேலை, அதே சம்பளம், அதே ஊர். நடுவில் தற்காலிகமாக ஒருவரை அமர்த்திக்கொள்வது உங்கள் விருப்பம்.

விடுப்பில் இருப்பதாலேயே அவருக்குக் கூடுதல் உரிமை வந்துவிடுவதும் இல்லை. நிறுவனத்தின் ஒரு பகுதியையே மூட வேண்டிய நிலை வந்து, அவர் இங்கே இருந்திருந்தாலும் வேலை போயிருக்கும் என்றால் விடுப்பு அதைத் தடுக்காது. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில். விடுப்பு கேட்ட கடிதத்துக்கு இரண்டு வாரம் கழித்து ‘ரீஸ்ட்ரக்சரிங்’ என்று ஒரு மின்னஞ்சல் போனால் அதை எந்த விசாரணை அதிகாரியும் எப்படிப் படிப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

மருத்துவக் காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அவர் இருந்தால், வேலையில் இருப்பது போலவே அந்த 12 வாரமும் உங்கள் பங்கைக் கட்டியாக வேண்டும். அவருடைய பங்கு மட்டும் வழக்கமாகச் சம்பளத்தில் பிடிப்பது, இப்போது சம்பளமே இல்லை. அதை மாதாமாதம் எப்படி அனுப்புவார் என்று கிளம்பும் முன்பே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பல இந்தச் சின்ன விஷயத்தில் தொடங்கியவை. பிரீமியம் வரவில்லை என்று ஒருவர் காப்பீட்டை நிறுத்துவார், அதே மாதம் இங்கே இருக்கும் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போவார், அப்புறம் கேட்கவே வேண்டாம்.

விடுமுறை நாட்களை முதலில் கழிக்கச் சொல்லலாமா என்ற கேள்வி. 2024 முடியும்வரை, பணம் வாங்கும் முன் இரண்டு வார விடுமுறையைப் பயன்படுத்தச் சொல்ல முதலாளிக்கு அனுமதி இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. உங்கள் ஊழியர் கையேட்டில் அந்தப் பழைய வாசகம் இன்னும் இருந்தால் இன்றே நீக்குங்கள். ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டால் இன்னொரு நல்ல ஏற்பாடு செய்யலாம். வாரச் சம்பளம் 2,000, இடிடி தருவது 1,400 என்றால் மீதி 600 டாலர். அது ஒன்றரை நாள் சம்பளம். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையை எடுத்துக்கொண்டால் அவருக்கு முழுச் சம்பளம் கைக்கு வந்த மாதிரி ஆகிவிடும். மொத்த வருமானம் வழக்கமான சம்பளத்தைத் தாண்டாதவரை இடிடி பணம் குறையாது. எட்டு வாரம் முடிந்து, பணம் வராத அடுத்த நான்கு வாரத்தையும் அவர் எடுத்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் சேர்த்துவைத்த விடுமுறை நாட்களைப் பயன்படுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய சிக் லீவைத் தொட வேண்டும் என்றால் அவர் சம்மதம் வேண்டும்.

அம்மா இந்தியாவில் இருக்கிறார் என்பது தடையா? இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் பே ஏரியாவில் குறைவு, தெரியாமலேயே உரிமையை விட்டவர்கள் நிறைய. தடை இல்லை. நோயாளி கலிபோர்னியாவில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெளிநாட்டில் உரிமம் பெற்று, நோயாளிக்கு நேரடியாகச் சிகிச்சை தரும் மருத்துவரின் சான்றை இடிடியும் ஏற்கும், சிஎஃப்ஆர்ஏ சட்டமும் ஏற்கும். ஆனால் நடைமுறையில் இதுதான் அதிகம் சிக்குகிற இடம். இடிடி படிவத்தில் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று, தன் மருத்துவ விவரத்தைத் தர நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய பகுதி ஒன்று. இங்கே இருக்கும் மருத்துவர்கள் இணையத்திலேயே முடித்துவிடுவார்கள். கோயம்புத்தூர் மருத்துவருக்கு அது சரிப்பட்டு வராது. டிஇ 2501எஃப் என்ற காகிதப் படிவத்தை வாங்கிக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் அனுப்பினால் போதாது. என்ன நோய், எந்தத் தேதியிலிருந்து, ஏறக்குறைய எதுவரை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் தேவையா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் படிவத்திலேயே இருக்க வேண்டும். ஊரில் பெரிய டாக்டர்கள் ‘ரெஸ்ட் தேவை’ என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அந்த ஒரு வரியால் விண்ணப்பம் திரும்பி வந்து, மறுபடி டாக்டரைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அட்மிஷன் போடும் அன்றே படிவத்தைக் கொடுத்து, யார் கையெழுத்துப் போடுவார் என்று கேட்டுவைப்பது நல்லது.

தேதிகளில் கவனம் வேண்டும். விடுப்பு தொடங்கும் முன் விண்ணப்பிக்க முடியாது. தொடங்கிய நாளிலிருந்து 41 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அறுவை சிகிச்சை அவசரத்தில் இது எளிதாக நழுவும். முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் பொதுவாக இரண்டு வாரத்தில் முடிவு வரும். மறுத்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், செய்யவும் வேண்டும். முதல் மறுப்பையே இறுதி என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எந்த உறவுக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர், மாமனார் மாமியார், கணவன் மனைவி, பதிவு செய்த துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் உண்டு. சித்தி, பெரியப்பா, தாய்மாமன் பட்டியலில் இல்லை. 2023 முதல் சிஎஃப்ஆர்ஏ-வில், ரத்த உறவாகவோ குடும்ப உறவுக்கு நிகராகவோ இருக்கும் ஒருவரை ஊழியரே குறிப்பிட்டுச் சொல்லலாம். அதே வசதி பண உதவிக்கு 2028 ஜூலையில்தான் வருகிறது. அதுவரை சித்தியைப் பார்க்கப் போகிறவருக்கு வேலை பத்திரம், பணம் கிடையாது. பெரும்பாலும் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நம் மக்களுக்கு இந்த இடைவெளி உண்மையிலேயே வலிக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒவ்வொருவர் நிலைமையைப் பொறுத்து மாறக்கூடியவை சில உண்டு. முதலாவது, ‘கடுமையான உடல்நலக் குறைவு’ என்ற சொற்றொடர். ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் இதய அறுவை சிகிச்சை அதில் சந்தேகமில்லாமல் அடங்கும். ஆனால் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார், கூட இருக்க ஆள் வேண்டும் என்றால் அது மட்டும் போதாது. தொடர் சிகிச்சை தேவைப்படும் ஒரு நோய் இருந்து, மருத்துவர் அதை எழுத வேண்டும். டிமென்ஷியா போன்றவற்றில் எழுதும் விதத்தைப் பொறுத்தே முடிவு அமையும். உங்கள் ஊழியரின் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை வாரம் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதும் மருத்துவர் எழுதுவதைப் பொறுத்தது. ஆறு வாரம் என்று எழுதினால் இடிடி ஆறு வாரத்துக்குத்தான் தரும். பிறகு தேவைப்பட்டால் நீட்டிப்புக்குத் தனியாகச் சான்று வேண்டும்.

இரண்டாவது, விசா. இதில் முதலாளியின் பக்கத்தை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எச்-1பி ஊழியருக்கு வேலை இல்லாத நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டும் என்ற விதி உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். வேலை கொடுக்காமல் உட்கார வைப்பதைத் தடுக்க வந்த விதி அது. ஊழியர் தானே விரும்பிக் கேட்டு எடுக்கும் விடுப்பு அதில் வராது. தொழிலாளர் துறையின் விதியிலேயே, நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொள்வது என்பது உதாரணமாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அவர் கேட்டது எழுத்தில் இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன காரணம், கேட்டது அவரே என்பது தெளிவாக இருக்கட்டும். அந்தக் கடிதம் இருவருக்கும் பாதுகாப்பு. பணம் பெற குடியேற்ற நிலை ஒரு தடை இல்லை என்று இடிடியே சொல்கிறது. இது அவர் சந்தா கட்டிய காப்பீட்டின் பலன், வறுமை நிவாரணம் இல்லை. ஆனால் அவருடைய விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் கிடைத்துத் திரும்பி வர எவ்வளவு ஆகும், நடுவில் நீட்டிப்பு மனு நிலுவையில் இருந்தால் என்ன ஆகும், கிரீன் கார்டு மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவை என் துறை இல்லை. டிக்கெட் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட வேண்டும். அந்தக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொண்டால் நல்லது, ஏனென்றால் அவர் குறித்த நாளில் திரும்புவது உங்களுக்கும் தேவை. ஒரு சின்ன ஆறுதல்: வெளிநாட்டில் கழித்த நாட்களை எச்-1பி-யில் இருக்க அனுமதிக்கும் ஆறு ஆண்டுக் கணக்கில் பிறகு மீட்டுக் கேட்கலாம்.

மூன்றாவது விஷயம் சட்டப் புத்தகத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் அலுவலகங்களில் தினமும் மீறப்படுகிறது. அவர் கோயம்புத்தூரில் இருக்கும்போது ‘ஒரு அரை மணி நேரம் கால்ல வாங்க’, ‘அந்த டெஸ்ட் கேஸை மட்டும் பார்த்துச் சொல்லுங்க’ என்று கேட்கத் தோன்றும். அவரும் கூச்சத்தில் சரி என்பார். செய்யாதீர்கள். பாஸ்வேர்ட் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்பது வேறு. வேலை வாங்கினால் அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும், அவர் அதை இடிடிக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பொய்யான தகவல் கொடுத்தவர் ஆகிவிடுவார். உங்கள் மேல் விடுப்பு உரிமையில் தலையிட்டதாகப் புகார் வரலாம். இந்தியாவிலிருந்து வேலை செய்வதால் வரும் வரிச் சிக்கலும் விசாச் சிக்கலும் தனி. பகுதி நேரம் வேலை, பகுதி நேரம் விடுப்பு என்பது சட்டத்தில் அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் அதை இங்கே இருக்கும்போது, எழுத்தில் திட்டமிட்டுச் செய்வது நல்லது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை இவை. அவர் கேட்டு ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் எழுதுங்கள். அதில் இது சிஎஃப்ஆர்ஏ விடுப்பு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாமல் வாய்வார்த்தையாக ‘போயிட்டு வாங்க’ என்றால், 12 வாரக் கணக்கு எப்போது தொடங்கியது என்பதே பின்னால் தகராறாகும். மருத்துவச் சான்று கேட்கலாம், அதற்கு 15 நாளாவது அவகாசம் தர வேண்டும். ஆனால் என்ன நோய் என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. இடிடி படிவத்தில் நோயின் பெயர் இருக்கும், அது உங்களுக்கானது கிடையாது. அவர் பார்க்கப் போவது தன் அம்மாவை என்பதால் வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்கவும் முடியாது. இந்தப் பண உதவியை விளக்கும் டிஇ 2511 என்ற இடிடி துண்டுப் பிரசுரத்தை வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும், இப்படி விடுப்பு கேட்பவருக்கும் கொடுத்தாக வேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் விண்ணப்பித்ததும் இடிடியிலிருந்து உங்களுக்கு ஒரு அறிவிப்பு வரும், கடைசியாக வேலை செய்த நாள், அந்தக் காலத்தில் சம்பளம் எதுவும் தருகிறீர்களா என்று கேட்டு. அதை மேசையில் போட்டு வைக்காமல் உடனே நிரப்பி அனுப்புங்கள்.

ஐந்து முதல் 19 பேர் வரை இருக்கும் நிறுவனங்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இந்த விடுப்பில் தகராறு வந்து ஊழியர் வழக்குப் போடும் நிலை வந்தால், அதற்கு முன் மாநில சிவில் உரிமைகள் துறையின் சமரசப் பேச்சுக்கு இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நம்புகிறேன். 12 பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் எட்டு வாரம் இல்லாதது உண்மையான கஷ்டம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களில் இந்த மாதிரி நேரத்தில் நேராக நடந்துகொண்ட முதலாளியிடம் ஊழியர்கள் தங்கிவிடுகிறார்கள். புதிதாக ஆள் பிடித்துப் பழக்குவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் எட்டு வாரம் பெரிதே இல்லை.

வேறு மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன எண்கள் எதையும் உங்கள் ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். நியூ ஜெர்சியில் குடும்ப விடுப்புக் காப்பீடு 2009-லிருந்து இருக்கிறது, இப்போது 12 வாரம், கணக்குப் போடும் முறையும் உச்சவரம்பும் வேறு. வாஷிங்டனில் 2020 முதல் பணம் தருகிறார்கள். அங்கே 820 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள முதலாளிகளும் பங்கு கட்ட வேண்டும். டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு மாநிலம் நடத்தும் இப்படியொரு காப்பீடு இல்லை. டாலஸில் இருப்பவருக்கு எஃப்எம்எல்ஏ பொருந்தினால் சம்பளமில்லாத 12 வாரம், இல்லாவிட்டால் நிறுவனத்தின் கொள்கை மட்டும்தான். உங்கள் 12 பேரில் யாராவது டெக்சாஸிலிருந்து வேலை செய்துகொண்டு அங்கேயே சம்பள வரி கட்டினால், இடிடி பணம் அவருக்குக் கிடைக்காது.

கலிபோர்னியாவிலேயே மனசுக்கு ஒப்பாத ஒன்று மிச்சம் இருக்கிறது. மூன்று பேர் வேலை செய்யும் இட்லிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் எஸ்டிஐ கட்டுகிறார், இடிடி அவருக்கும் எட்டு வாரம் பணம் தரும். ஆனால் ஐந்து பேர் இல்லாததால் சிஎஃப்ஆர்ஏ அவருக்குப் பொருந்தாது, முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டால் கேட்க முடியாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்த மாதிரி ஆட்கள் சொந்தப் பணத்தையே கேட்காமல் விடுகிறார்கள். நியூ யார்க்கில் ஒரே ஒருவர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்திலும் குடும்ப விடுப்புக்கு வேலைப் பாதுகாப்பு சேர்ந்தே வருகிறது, அதனால் இது முடியாத காரியம் இல்லை. அப்படிப்பட்ட சின்ன இடத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், விடுப்புக்குக் கிளம்பும் முன் முதலாளியிடம் திரும்பி வரும் தேதியையும் வேலை இருக்கும் என்ற உறுதியையும் ஒரு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டத்தின் முழுப் பலம் கிடையாது, ஆனால் வாய்ச்சொல்லுக்கு அது எவ்வளவோ மேல்.

உங்கள் விஷயத்தில் அறுவை சிகிச்சைத் தேதி முடிவாகிவிட்டது என்கிறீர்கள். முன்கூட்டியே தெரிந்த விடுப்புக்கு ஊழியர் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. ஆனால் அவ்வளவு நாள் இல்லாதபோது முடிந்தவரை சீக்கிரம் சொன்னால் போதும். அதனால் ஒரு மாதம் முன்பு சொல்லவில்லை என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே அந்தப் பதில் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.